செய்த உலகம், பொய் உலகம்: சிமுலேஷன் கேள்விக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிறு பொழுதோடு, பெருந்துறைப் பக்கம் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் சென்னிமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தார். "ஏனுங்ணா, நாமெல்லாம் ஏதோ கம்ப்யூட்டருக்குள்ள ஓடீட்டிருக்கறமாமா, நெசமுங்களா?" என்றார். கையிலிருந்த போனில் எலான் மஸ்க் 2016இல் ஒரு மாநாட்டில் பேசிய துண்டுக் காணொளி. நாம் அசல் உலகில் இருப்பதற்கான வாய்ப்பு பல நூறு கோடியில் ஒன்றுதான் என்று மஸ்க் அதில் சொல்கிறார். தம்பி மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லையாம்.

எந்த வரிசையில் இந்தக் கேள்விக்குள் போகலாம் என்று மட்டும் அவருக்குச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன். பல வருஷமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துவிட்டுப் பயந்துபோனவர்கள் நிறையப் பேர் மாடிக்கு வந்திருக்கிறார்கள்.

ஒரு நோட்டு, சாக்பீஸ், ஒரு கை புளியங்கொட்டை, கொஞ்சம் சோளம், ஒரு பழைய கைத்தறித் துண்டு. இவ்வளவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

முதல் படி: கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். இந்த உலகம் ஒரு கணினியில் கணக்காக ஓடும் உலகமாக (சிமுலேஷனாக) இருக்க முடியுமா? இருக்க முடியும் என்றால், அதற்கு வாய்ப்பு எவ்வளவு? அப்படியே இருந்தாலும், இங்கே இருப்பவை பொய் என்று ஆகிவிடுமா?

காணொளிகளில் பெரும்பாலும் முதல் கேள்விக்கு 'முடியும்' என்று காட்டிவிட்டு, அதே மூச்சில் 'ஆகவே எல்லாம் பொய்' என்று முடித்துவிடுவார்கள். நடுவில் இரண்டு கேள்விகள் விடை இல்லாமல் கிடக்கும். தம்பியின் தூக்கத்தைக் கெடுத்தது மூன்றாவது கேள்வி. அவர் பார்த்த காணொளி பேசியதோ இரண்டாவதைப் பற்றி. இனி எதைப் படித்தாலும், பார்த்தாலும், இது மூன்றில் எந்தக் கேள்விக்கான பேச்சு என்று ஓரத்தில் 1, 2, 3 என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் "இதைத்தான் நம்ம பெரியவங்க மாயைன்னு அப்பவே சொல்லீட்டாங்களே" என்பார். எந்தப் பெரியவர் என்று திருப்பிக் கேளுங்கள். அத்வைதத்தில் மாயை என்றால் கயிற்றைப் பாம்பாகக் காட்டும் தோற்றம். சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது உள்ள பொருள். குடத்துக்கு மண் எப்படியோ அப்படி உலகத்துக்கு அது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதன் முதல் சூத்திரமே, அவன், அவள், அது என்று நாம் சுட்டும் இந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அது செய்யப்பட்டது, செய்தவன் ஒருவன் உண்டு என்று வாதிடுகிறது. உலகம் இல்லை என்று அது சொல்லவில்லை. உலகம் இருக்கிறது, அது செய்யப்பட்டது என்கிறது. ஒரே சொல்லை இரண்டு பள்ளிகள் நேரெதிராக வைத்திருக்கின்றன. அதனால் 'மாயை' என்ற சொல்லை இப்போதைக்கு நோட்டில் எழுத வேண்டாம். சிமுலேஷன் என்றே எழுதுவோம். மெய்கண்டார் கணினியைப் பற்றிப் பேசினார் என்று யாரும் சொல்லவும் வேண்டாம். ஆனால் 'செய்யப்பட்டது' என்பதும் 'பொய்' என்பதும் வேறு வேறு என்று அவர் பிரித்து வைத்ததை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை உதவும்.

இரண்டாம் படி: புளியங்கொட்டையில் ஒரு உலகம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். படித்தால் போதும் என்று நினைக்காமல் தரையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

1970இல் ஜான் கான்வே என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். 'லைஃப்' என்று பெயர். ஆடுகிறவர் யாரும் கிடையாது. தொடக்கத்தை வைத்துவிட்டால் விதிப்படி அதுவே போகும்.

சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பத்துக்குப் பத்து கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி எட்டுக் கட்டங்கள் இருக்கும். மூலையில் இருப்பவையும் சேர்த்தி. கொட்டை உள்ள கட்டத்தைச் சுற்றி இரண்டோ மூன்றோ கொட்டை இருந்தால் அது அப்படியே இருக்கும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் எடுத்துவிட வேண்டும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று கொட்டை இருந்தால் அங்கே புதிதாக ஒன்று வரும். விதி இவ்வளவுதான்.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது ஓரிடத்தில். மாற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பார்க்கப் பார்க்க எடுத்துக்கொண்டே போனால் கணக்குக் கெட்டுவிடும். எடுக்க வேண்டிய கொட்டை மேல் ஒரு சோளத்தை வையுங்கள். புதிதாக வர வேண்டிய காலிக் கட்டத்தில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். எல்லாக் கட்டத்தையும் பார்த்து முடித்த பிறகு ஒரே மூச்சில் மாற்றுங்கள்.

இப்போது இடது மேல் மூலைக்குப் பக்கத்தில், மூன்றுக்கு மூன்று இடத்தில் இப்படி அடுக்குங்கள்: மேல் வரிசையில் நடுக்கட்டத்தில் ஒன்று, அடுத்த வரிசையில் வலக்கட்டத்தில் ஒன்று, கீழ் வரிசையில் மூன்றிலும் ஒவ்வொன்று. மொத்தம் 5 கொட்டை. நான்கு முறை மாற்றுங்கள். அதே உருவம், ஒரு கட்டம் வலக்கீழாக நகர்ந்து உட்கார்ந்திருக்கும். இன்னும் நான்கு முறை மாற்றினால் இன்னொரு கட்டம். இதைக் கிளைடர் என்பார்கள். என் அக்கா மகள் முதல் முறை செய்தபோது, "மாமா, பூச்சி நகருது!" என்றாள்.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். எந்தக் கொட்டையும் ஊர்ந்து போகவில்லை. சிலதை எடுத்தோம், சிலதை வைத்தோம். ஆனால் ஏதோ ஒன்று நகர்ந்தது. 'பூச்சி' இருக்கிறதா, இல்லையா? கொட்டைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் கொட்டைக்குப் பதில் கூழாங்கல்லை வைத்தாலும் அதே பூச்சி அதே வேகத்தில் போகும். கணினித் திரையிலும் போகும். அப்படியென்றால் பூச்சி என்பது கொட்டை அல்ல. உங்கள் விடை எதுவானாலும் காரணத்தோடு நோட்டில் எழுதுங்கள். அரைப் பக்கமாவது எழுதுங்கள்.

நேரம் இருந்தால் கணினியில் கோல்லி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதனோடு வரும் மெட்டாபிக்சல் உருவத்தைத் திறந்து பாருங்கள். பிரைஸ் டியூ என்பவர் 2006இல் முடித்தது. 'லைஃப்' ஆட்டத்தின் ஒரே ஒரு கட்டம் போல நடந்துகொள்ளும் பிரம்மாண்டமான அமைப்பு அது. அதுவே லைஃப் கட்டங்களால் கட்டப்பட்டது. அவற்றை அடுக்கினால் லைஃபுக்குள் லைஃப் ஓடும். திரையைச் சுருக்கிக்கொண்டே போகும்போது, கீழே ஓடுவதும் மேலே ஓடுவதும் ஒரே விதி என்று கண்ணால் பார்க்கலாம். முதல் கேள்விக்கு, உலகத்துக்குள் உலகம் ஓட முடியுமா என்பதற்கு, இவ்வளவு தெளிவான காட்சி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அந்த உள் உலகத்தில் உணர்வுள்ள ஒருவர் இருக்க முடியுமா என்பது வேறு. அது ஐந்தாம் படியில் வரும்.

மூன்றாம் படி: தறிப் பட்டறைக்குப் போய் வாருங்கள்

சென்னிமலை, சிறுமுகை, சோமனூர் என எது பக்கமோ அங்கே ஜக்கார்டு பெட்டி வைத்த தறி ஒன்றைப் பாருங்கள். என் அப்பா பெட்ஷீட் நெய்தவர். தறிக்கு மேலே பெட்டி. அதிலிருந்து மாலை போலத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள். மிதியை மிதிக்கும்போது ஒரு அட்டை வந்து உட்காரும். ஓட்டை உள்ள இடத்தில் பாவு நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. நாடா ஓடும். அடுத்த அட்டை. இப்படியே துணியில் மயில் எழும்பி வரும்.

பிரான்சில் ஜக்கார்டு 1804இல் செய்த இந்த முறையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் கணினிக்கு முன்னோடியான தன் பகுப்பாய்வு எந்திரத்துக்கு ஓட்டை அட்டைகளைத் திட்டமிட்டார். ஜக்கார்டுத் தறி பூவையும் இலையையும் நெய்வது போல அந்த எந்திரம் கணிதக் கோலங்களை நெய்யும் என்று ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதினார். கணினியின் மூதாதை நம் வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில்தான் சத்தம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு இது தெரியவந்த அன்று அப்பாவின் தறிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

பட்டறையில் ஒன்று கேளுங்கள்: துணியில் விழும் பிழையைப் பார்த்து, அட்டையில் பிழையா நூலில் பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எங்கள் பெரியப்பா சொன்ன பதில்: "அட்டையில தப்புன்னா ஒவ்வொரு மயிலுக்கும் அதே எடத்துல வருங் கண்ணு. நூல் அறுந்துச்சுன்னா ஒருக்காத்தான்."

உலகத்தில் 'கோளாறு' பார்த்தேன் என்று வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். முன்பே நடந்தது போல ஒரு உணர்வு, வைத்த சாவி வைத்த இடத்தில் இல்லை, ஒரே எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: இவையெல்லாம் ஒருக்கால் வந்து போகும் நூலறுப்பு. நம் நினைவும் கவனமும் அறுகிற இடங்கள். அட்டைப் பிழை என்றால் யார் பார்த்தாலும், எப்போது பார்த்தாலும், அதே இடத்தில் நிற்க வேண்டும். அப்படி ஒன்று இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

நான்காம் படி: பழைய கதைகள், ஒரே நாளில்

யோகவாசிட்டத்தில் இலவணன் என்ற அரசன் கதை. சபைக்கு வந்த மாயவித்தைக்காரன் மயிற்பீலியை அசைக்கிறான். அரசன் குதிரையேறிக் காட்டுக்குப் போய், தாழ்ந்த குடியில் மணம் செய்து, பிள்ளை பெற்று, பஞ்சத்தில் வாடி, பல வருஷம் வாழ்ந்து கண் விழிக்கிறான். சபையில் சற்று நேரம்தான் ஆகியிருக்கிறது. அப்புறம் சீனத்துச் சுவாங்ட்சு, தான் வண்ணத்துப்பூச்சியாகக் கனவு கண்ட மனிதனா, மனிதனாகக் கனவு காணும் வண்ணத்துப்பூச்சியா என்று கேட்டது. பிரெஞ்சுக்காரர் தெக்கார்த் 1641இல், எல்லாம் வல்ல ஒரு கெட்ட சக்தி என்னை எல்லாவற்றிலும் ஏமாற்றினால் என்ன என்று கேட்டு, அப்போதும் சந்தேகப்படும் 'நான்' இருக்கிறேனே என்று நின்றது.

மூன்றையும் சேர்த்துப் படிக்க ஒரு மணி நேரம் போதும். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இவை 'இருந்தால் என்ன' என்று கேட்கும் சந்தேகங்கள். 'இருக்கும் வாய்ப்பு எவ்வளவு' என்று எண்ணிப் பார்க்க முயன்றது இவற்றில் எதுவும் இல்லை. அது முழு வாதமாக 2003இல்தான் வந்தது.

பாரதியையும் பலர் இங்கே இழுப்பார்கள். நிற்பது, நடப்பது, பறப்பது எல்லாம் சொப்பனந்தானோ என்ற வரியோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டை முடிவுவரை படியுங்கள். காண்பதுவே உறுதி என்றும், இந்தக் காட்சி நித்தியம் என்றும்தான் அவர் போய்ச் சேருகிறார். 1921 ஜூலை 31 அன்று ஈரோடு கருங்கல்பாளையத்தில் வந்து 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசியவர், உலகம் வெறும் கனவு என்று கைகழுவும் ஆள் இல்லை.

ஐந்தாம் படி: ஜவுளிச் சந்தைக் கணக்கு

இதுதான் மையம். இரண்டு ஞாயிறு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அசல் கைத்தறி பெட்ஷீட்டுக்கும் ஆயிரம் விசைத்தறி நகல்கள் சந்தையில் இருக்கின்றன. தொட்டாலும் உதறினாலும் வித்தியாசம் தெரியாது. முத்திரையும் ஒன்று போலவே. கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறீர்கள். கையில் இருப்பது எது? பந்தயம் கட்டச் சொன்னால் நகல் என்றுதான் யாரும் கட்டுவார்கள். அசல் என்று அடம்பிடிக்க ஒரு காரணமும் கையில் இல்லை.

தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ராம் 2003இல் எழுதிய கட்டுரையின் எலும்பு இதுதான். பிற்கால மனிதர்கள் பெரும் கணினி வலிமையோடு தங்கள் முன்னோரின் வாழ்க்கையை, அந்த முன்னோரின் மனங்களோடு சேர்த்து, ஓட்டிப் பார்க்கலாம். மனிதகுலத்தின் மொத்த மன வரலாற்றையும் ஓட்ட 10இன் 33ஆம் அடுக்கு முதல் 36ஆம் அடுக்கு வரையான கணக்குச் செயல்கள் வேண்டும் என்று அவர் மதிப்பிடுகிறார். ஒரு கோள் அளவு கணினி நொடிக்கு 10இன் 42ஆம் அடுக்குச் செயல்களைச் செய்யலாம் என்பது அவர் எடுத்துக்கொண்ட மற்றொரு மதிப்பீடு. அப்படியென்றால் முழு வரலாறும் அதற்கு ஒரு நொடியின் சிறு துளி. அதைப் பல முறை ஓட்டினால் நகல் மனங்கள் அசல் மனங்களைவிடப் பல மடங்கு ஆகிவிடும்.

ஆனால், பலர் தவறவிடும் இடம் இது: சந்தையில் நகல் ஆயிரம் இருக்கிறது என்று நாம் முதலிலேயே வைத்துக்கொண்டோம். போஸ்ட்ராம் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. மூன்று கிளைகளில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறார். சந்தைப் பேச்சிலேயே சொல்கிறேன்; விசைத்தறி என்பது அந்தப் பெரும் கணினி, ஊர் என்பது நம்மைப் போன்ற ஒரு நாகரிகம். ஒன்று, விசைத்தறி கண்டுபிடிக்கும் முன்பே கிட்டத்தட்ட எல்லா ஊரும் அழிந்துபோகும். இரண்டு, விசைத்தறி வந்தாலும் இந்த டிசைனை ஓட்ட அநேகமாக யாருமே விரும்ப மாட்டார்கள். மூன்று, நாம் கையில் வைத்திருப்பது கிட்டத்தட்ட நிச்சயம் நகல். எது என்று அவர் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தது குறைவாக இருக்கும்போது மூன்றுக்கும் ஏறக்குறைய சமமாக நம்பிக்கையைப் பிரித்து வைப்பதே நியாயம் என்றுதான் எழுதுகிறார். மஸ்க் பேச்சில் மூன்றாவது மட்டும் மிஞ்சியது.

தம்பியிடம் இதை விளக்கியபோது முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப அந்தக் கட்டுரைக்காரரே உறுதியாச் சொல்லலீங்களா?" என்றார். இல்லைங்க தம்பி.

இப்போது கணக்கின் அடியில் உள்ள கல்லைப் புரட்டுங்கள். விசைத்தறியால் அதே துணியை நெய்ய முடியும் என்று எடுத்துக்கொண்டோம். மனத்தின் விஷயத்தில் இதற்குப் பொருள்: மூளையில் நடக்கும் கணக்கைச் சில்லில் ஓட்டினால் அங்கேயும் உணர்வு வரும் என்பது. போஸ்ட்ராம் இதை வாதிட்டு நிறுவவில்லை. வெளிப்படையாகவே ஓர் எடுகோளாக வைக்கிறார். ஜான் சேர்ல் என்ற தத்துவ அறிஞர் இதை ஏற்காதவர். கணினியில் புயலை ஓட்டினால் யாரும் நனைவதில்லையே என்பது அவர் கேட்பது. நல்ல கேள்வி. ஆனால் அந்தப் புயலுக்குள் ஓர் ஆளையும் சேர்த்து ஓட்டினால், அவர் நனைவாரா? நனைந்தால் குளிருமா? இந்த இடத்தில் எனக்கு இன்னும் உறுதி இல்லை. இந்த வாதத்தின் மிகப் பலவீனமான கண்ணி இதுதான் என்று மட்டும் உறுதியாக நினைக்கிறேன். இந்த எடுகோளை நீங்கள் ஏற்கிறீர்களா என்று நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள்; புளியங்கொட்டைப் பூச்சியைப் பற்றி முன்பு எழுதியதையும் திரும்பப் படித்துவிட்டு எழுதுங்கள்.

வானியலாளர் டேவிட் கிப்பிங் 2020இல் இதே கணக்கை வேறு நிகழ்தகவு முறையில் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய பாதிக்குப் பாதி, அசல் பக்கம் சற்றே கூடுதல் என்று வந்தது. ஆனால் உணர்வுள்ள மனங்கள் இருக்கும் சிமுலேஷன் ஒன்றை நாமே செய்துவிட்டால், தராசு அப்படியே மறுபக்கம் சாயும் என்பதும் அவர் கணக்கில் வருகிறது.

ஆறாம் படி: துண்டை இழுத்துப் பாருங்கள்

எடுத்து வைத்த கைத்தறித் துண்டை பாவு நூல் போகும் திசையில் இழுங்கள். நீளாது. ஊடை திசையில் இழுங்கள். அதிகம் நீளாது. இப்போது மூலைக்கு மூலை, கோணலாக இழுங்கள். நீண்டு கொடுக்கும். கண்ணை மூடிக்கொண்டே, எந்த வாட்டத்தில் நெய்தது என்று கையால் சொல்லிவிடலாம். பனியன் துணி வேண்டாம். அது பின்னல், வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சைலஸ் பீன், சோரே தவூதி, மார்ட்டின் சாவேஜ் ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் 2012இல் எழுதிய கட்டுரையின் யோசனை இதைப் போன்றதே. இன்று இயற்பியலாளர்கள் அணுக்கருவின் உள்விசைகளைக் கணினியில் ஓட்டும்போது வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். பிரபஞ்சமும் அப்படிக் கட்டம் போட்டு ஓட்டப்படுவதாக இருந்தால், விண்ணிலிருந்து மிக அதிக ஆற்றலோடு வரும் காஸ்மிக் கதிர்கள் எல்லாத் திசையிலும் ஒன்று போல நடக்காமல், கட்டத்தின் வாட்டத்தைக் காட்டிக் கொடுக்கக்கூடும். கட்டம் இருந்தால் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்று ஓர் எல்லையையும் கணக்கிட்டார்கள். கட்டம் இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு முறையில் ஓட்டினால் இந்தச் சோதனையில் எதுவும் தெரியவும் தெரியாது.

எதிர்ப்பக்கச் செய்தியும் ஒன்று உலவுகிறது: 'சிமுலேஷன் இல்லை என்று 2017இல் நிரூபித்துவிட்டார்கள்'. ரிங்கல், கோவ்ரிசின் ஆகிய இருவர் எழுதிய அந்த ஆய்வு, சில வகைக் குவாண்டம் அமைப்புகளை ஒரு குறிப்பிட்ட முறையில் கணினியில் ஓட்டினால், துகள் எண்ணிக்கை கூடக் கூட வேலை கட்டுக்கடங்காமல் பெருகும் என்று காட்டியது. நல்ல ஆய்வு. ஆனால் நம் உலகத்துக் கணினிக்கு எது கஷ்டமோ அது வெளியே இருப்பதாகச் சொல்லப்படும் கணினிக்கும் கஷ்டம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. செய்தித்தாள்கள்தான் அந்தத் தாவலைத் தாவின.

ஏழாம் படி: புனைகதைகள், ஆனால் இந்த வரிசையில்

இங்கே ஒரு பிரிவினை முக்கியம். உடல் வெளியே படுத்திருக்க, மூளைக்குள் மட்டும் பொய்க் காட்சி ஓடுவது ஒரு வகை. 1999இல் வந்த 'மேட்ரிக்ஸ்' படம் அந்த வகை; அங்கே விழித்து எழுந்து வெளியே போகலாம். ஆளே உள்ளே செய்யப்பட்டவர், வெளியே அவருக்கு உடலே இல்லை என்பது இன்னொரு வகை. போஸ்ட்ராம் பேசுவது இதை. இதில் 'விழித்தெழ' வழி இல்லை. எழுந்து போக வெளியே ஆள் இல்லை. மேட்ரிக்ஸ் பார்த்துவிட்டு வரும் பயம் பெரும்பாலும் தவறான வகையைப் பற்றிய பயம்.

அதனால் பழையதிலிருந்து தொடங்குங்கள். ஃபிரெடெரிக் போல் 1955இல் எழுதிய 'உலகத்துக்கு அடியில் உள்ள சுரங்கம்' என்ற சிறுகதை: ஒருவன் எழும் ஒவ்வொரு நாளும் ஜூன் 15. முடிவைச் சொல்ல மாட்டேன். அப்புறம் டேனியல் கலூயே 1964இல் எழுதிய 'சிமுலக்ரான்-3' நாவல்: மக்கள் கருத்துக் கணிப்பும் சந்தை ஆய்வும் செய்வதற்காக ஒரு கணினிக்குள் முழு ஊரையே ஓட்டுகிறார்கள். ஜெர்மானிய இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1973இல் இதை இரண்டு பகுதித் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார். நாவல் கிடைக்காதவர்கள் படத்தைப் பார்க்கலாம். மேட்ரிக்ஸை அதற்குப் பிறகு பாருங்கள். கிரெக் ஈகன் 1994இல் எழுதிய 'பெர்மியூட்டேஷன் சிட்டி' கடைசி. கடினம், ஆனால் புளியங்கொட்டையில் விளையாடியவருக்குப் பிடிபடும்.

போல், கலூயே இருவரையும் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டிலும் உலகத்தைச் செய்பவர்களின் நோக்கம் வியாபாரம். விளம்பரம் எடுபடுகிறதா, சரக்கு விற்குமா என்று பார்க்கத்தான். போஸ்ட்ராமின் 'முன்னோரை ஓட்டிப் பார்க்கும் பின்னோர்' என்ற நோக்கத்தைவிட இது எனக்கு நம்பும்படி இருக்கிறது. இத்தனை செலவு செய்து யார் இதை ஓட்டுவார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது திருப்பூர்க்காரர் யாரும் முதலில் கேட்கும் கேள்வி. போஸ்ட்ராமின் இரண்டாவது கிளையை எடைபோட அதைவிட நல்ல கேள்வி இல்லை.

முடிந்தால் ஒரு முறை, பொன்னர் சங்கர் கதையைப் பாடி நடத்தும் அண்ணன்மார் கோயில் படுகளத்துக்கும் போய் வாருங்கள். உடுக்கையடிப் பாட்டு விடியவிடிய ஓடும். பொன்னர் சங்கர் வீழும் இடம் வரும்போது, கூட்டத்தில் நிற்பவர்களே அருள் வந்து கட்டை போலக் கீழே விழுவார்கள். பிறகு அண்ணன்மாரின் தங்கை தங்காள் வந்து எழுப்புவதாக எழுப்புவார்கள். விழுந்தவர் சிரித்துக்கொண்டு எழுவதில்லை. பக்கத்தில் அழும் பெண்களின் கண்ணீரும் நடிப்பில்லை. கதை என்று தெரியும். இருந்தும் உள்ளே நடப்பது நடக்கிறது. மூன்றாவது கேள்விக்கு அந்த இரவில் எனக்குக் கிடைத்ததை எந்தப் புத்தகத்திலும் பெறவில்லை.

எட்டாம் படி: மூன்றாவது கேள்வி

டேவிட் சால்மர்ஸ் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் 2022இல் எழுதிய 'ரியாலிட்டி பிளஸ்' நூல் இதற்கே எழுதப்பட்டது. நாம் சிமுலேஷனில் இருந்தாலும் மேசை மேசைதான். அது அடியில் எதனால் ஆனது என்பது பற்றிய நம் எண்ணம் மட்டும்தான் மாறும் என்கிறார். ஒரு காலத்தில் மேசை கெட்டியான ஒரே பொருள் என்று நினைத்தோம். அணுவால் ஆனது, அதற்குள் பெரும்பாலும் வெற்றிடம் என்று தெரிந்தது. மேசை பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஹிலரி புட்னம் 1981இல் சொன்ன ஒன்றும் இதன் பக்கத்தில் வரும்: உள்ளேயே எப்போதும் இருந்தவர் 'தண்ணீர்' என்று சொல்வது உள்ளே அவர் குடிக்கும் தண்ணீரைத்தான்.

நானும் இந்தப் பக்கம்தான். அட்டையிலிருந்து வந்த மயில் அட்டை அல்ல, பொய்யும் அல்ல. அப்பா நெய்த கடைசிப் பெட்ஷீட்டின் அட்டைக்கட்டு இன்னும் பரணில் கயிறு கட்டிக் கிடக்கிறது. ஆனால் குளிருக்குப் போர்த்திக்கொண்டது துணியை.

இங்கே இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 'நான் மட்டும் அசல், சுற்றி இருப்பவர்கள் வெறும் பொம்மைகள்' என்ற எண்ணத்துக்கு மேலே சொன்ன எந்த வாதத்திலும் இடமில்லை. போஸ்ட்ராமின் கணக்கு ஓடுவதே எல்லா மனமும் மனம்தான் என்பதால். அடுத்தது உடம்பைப் பற்றியது. சுற்றியுள்ளதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போல, தன் கையே தன்னுடையதல்ல போல உணர்வது தத்துவமல்ல. தூக்கமின்மையிலும் பதற்றத்திலும் பலருக்கு வரும் நிலை அது. மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படி இருந்தால் நோட்டை மூடிவிடுங்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள், வீட்டில் சொல்லுங்கள். விடாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். அன்று மாடிக்கு வந்த தம்பிக்கு முதலில் அரிசிம்பருப்புச் சோறு போட்டுத் தூங்கச் சொல்லித்தான் அனுப்பினோம். பேச்சு அடுத்த வாரம்தான் தொடங்கியது.

ஒன்பதாம் படி: உங்கள் எண்களை எழுதுங்கள்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் போஸ்ட்ராமின் மூன்று கிளைகளுக்கும் நேராக, நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதித் தேதி போடுங்கள். மூன்றும் சேர்ந்து 100 வர வேண்டும். மனம் உணர்வு பற்றிய எடுகோளை ஏற்காதவர்கள் நான்காவதாக 'இந்தக் கணக்கே செல்லாது' என்று ஒரு வரி சேர்த்து, அதற்கும் ஓர் எண் கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில், பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டு, எது மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு வரி.

நான் ஆடி 18 அன்று எழுதுகிறேன். 2017இல் மூன்றாவது கிளைக்கு 60 கொடுத்திருந்தேன். இப்போது 15. பெரும்பகுதி இரண்டாவது கிளைக்குப் போய்விட்டது. அக்கா மகள் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். கிளைடரை நான்கு கட்டம் நகர்த்திவிட்டு, கொட்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "உள்ள இருக்கறவங்களுக்கு வலிக்கும்னா, அத ஓட்டறதுக்கு அவங்களுக்கு எப்படி மாமா மனசு வரும்?" அவ்வளவு தூரம் வளர்ந்தவர்கள், வலிக்கும் என்று தெரிந்த ஒன்றை ஓட்ட வேண்டாம் என்று தங்களுக்குள் தடை போட்டிருக்கலாம், போஸ்ட்ராமும் அந்த வாய்ப்பைக் குறிப்பிடுகிறார். படித்தபோது வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன்.

அவளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என்ன எண் எழுதினாள் என்று காட்டவில்லை.